கடற்கரைக் காற்றை வைத்து மலைக்குக் கணக்குப் போட்டால்

சில வருடங்களுக்கு முன், குன்னூர்ப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் தேயிலையைக் காயவைக்கும் ட்ரையருக்குள் காற்று எப்படி ஓடுகிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லும் வேலை வந்தது. மெஷ் போடவே, அதாவது உள்ளே இருக்கும் இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கவே, பத்து நாள் ஆனது. துளைத் தட்டுக்கு அடியில், மூலைகளில், குழாய் வளைவுகளில் எல்லாம் பொடிப்பொடியாகக் கட்டங்கள் போட்டேன். விடை அழகாக வந்தது. நொடிக்கு 5 கன மீட்டர் காற்று, 110 டிகிரி சூட்டில், எடை ஏறத்தாழ 6.1 கிலோ. ஈரத்தை எடுக்கத் தாராளமாகப் போதும், இன்னும் கொஞ்சம் இலைகூடப் போடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அதை நம்பி அவர்களும் அளவைக் கூட்டினார்கள். அடுத்த வாரம் போனபோது, ட்ரையர் வாயில் விழுந்த தூளில் ஒரு கை அள்ளி விரலால் நசுக்கிப் பார்த்த டீ மேக்கர் சொன்னார்: "சார், உங்க கணக்கு என்ன சொல்லுதோ தெரியல. தூள் காயல."

அவர் சொன்னதுதான் சரி. நான் பத்து நாள் கட்டங்களைப் பார்த்தேனே தவிர, காற்றின் அடர்த்தி என்ற பெட்டியை ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை. அதில் மென்பொருள் தானாகவே வைத்திருந்த எண் 1.225. அதாவது ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. அது 15 டிகிரி வெப்பநிலையில், கடல் மட்டத்தில் இருக்கும் காற்று. குன்னூர் 1850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதுபோல் 101 கிலோ பாஸ்கல் இல்லை, ஏறத்தாழ 81தான். அந்த அழுத்தத்தில், 110 டிகிரி சூட்டில், ஒரு கன மீட்டர் காற்றின் எடை 0.737 கிலோ. ஆக, நொடிக்கு 6.1 கிலோ என்று நான் எழுதியது உண்மையில் 3.7 கிலோ. நூற்றுக்கு 40 பங்கு காற்று என் கணக்கில் இருந்தது, ட்ரையரில் இல்லை.

இந்த 40 பங்கைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம். கடற்கரையிலேயே இருந்தாலும் 110 டிகிரிக்குச் சூடாக்கினால் 1.225 என்பது 0.921 ஆகக் குறையும். அது வெப்பநிலையின் பங்கு. அதை மலைமேல் கொண்டுவந்தால் 0.921 என்பது 0.737 ஆகும். அது அழுத்தத்தின் பங்கு. இரண்டையுமே நான் விட்டிருந்தேன். இதில் வாயுவின் விசித்திர குணம் எதுவும் இல்லை. பதினோராம் வகுப்பில் படித்த நல்லியல்பு வாயுச் சமன்பாடு ஒன்றே போதும்: அழுத்தத்தை வெப்பநிலையாலும் வாயு மாறிலியாலும் வகுத்தால் அடர்த்தி. காற்றுக்கு அந்த மாறிலி 287. வெப்பநிலையைக் கெல்வினில் போட வேண்டும். பேப்பரில் ஒரு வரி.

மென்பொருள் ஏன் இதைத் தானாகச் செய்யவில்லை? அது உள்ளே என்ன தீர்க்கிறது என்று பார்த்தால் புரியும். ஓடும் வாயுவின் ஒவ்வொரு கட்டத்திலும் தெரியாதவை ஆறு: மூன்று திசைகளிலும் வேகம், அழுத்தம், அடர்த்தி, வெப்பநிலை. இயற்பியல் தரும் பாதுகாப்பு விதிகளோ ஐந்துதான். நிறை அழியாது என்பது ஒன்று, உந்தம் மூன்று திசைக்கும் மூன்று, ஆற்றல் ஒன்று. ஐந்தை வைத்து ஆறைக் கண்டுபிடிக்க முடியாது. ஆறாவதாக வருவதுதான் நிலைச் சமன்பாடு: அழுத்தமும் வெப்பநிலையும் இவ்வளவு என்றால் அடர்த்தி எவ்வளவு என்று அது சொல்லும். முதல் ஐந்து விதிகளும் எல்லா வாயுவுக்கும் எல்லா ஊருக்கும் பொது. ஆறாவது மட்டும் நாம் கொடுப்பது. எந்த வாயு, எங்கே இருக்கிறது என்ற செய்தி முழுக்க அதில்தான் அடங்கியிருக்கிறது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அடர்த்தி மாறாது என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். அதுவும் ஒரு நிலைச் சமன்பாடுதான், ரொம்ப எளிமையான ஒன்று.

சரி, நல்லியல்பு வாயு என்று மாற்றிவிட்டால் முடிந்ததா? இல்லை. ஃப்ளூயன்ட் என்ற மென்பொருளில் இயக்க அழுத்தம் என்று ஒரு பெட்டி உண்டு. திறந்ததுமே அதில் 101325 பாஸ்கல் என்று இருக்கும். மென்பொருள் காட்டும் அழுத்தம் எல்லாம் இதற்கு மேல் எவ்வளவு, கீழ் எவ்வளவு என்ற வித்தியாசம்தான். அப்படி வைத்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது. ட்ரையருக்குள் அழுத்த வித்தியாசம் சில நூறு பாஸ்கல்தான். ஒரு லட்சத்தைத் தாண்டிய எண்ணுக்குள் ஒன்றிரண்டு பாஸ்கல் மாற்றத்தைத் தேடினால் கடைசி இலக்கங்கள் தேய்ந்து போய்விடும். அதனால் பெரிய எண்ணைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வித்தியாசத்தை மட்டும் தீர்க்கிறார்கள். ஆனால் அடர்த்தியைக் கணக்கிடும்போது இரண்டையும் கூட்டிய முழு அழுத்தம்தான் உள்ளே போகும். ஆகவே ஊட்டிக்கு வேலை செய்கிறவர் அங்கே ஏறத்தாழ 77000 என்று போட வேண்டும். ஊட்டியில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று நம் வீட்டில் சொல்வார்களே, அதே 77000தான் இது.

ஓப்பன்ஃபோம் என்ற இன்னொரு மென்பொருளில் கதை வேறு. அங்கே அமுக்கக்கூடிய வாயுவுக்கான சால்வர்கள், அதாவது சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்கள், முழு அழுத்தத்தையே கேட்கும். அமுங்காத ஓட்டத்துக்கான சால்வர்களோ அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்த ஒன்றை வைத்து ஓடும், அதில் பூஜ்யம் போட்டாலும் தவறில்லை. பழைய வேலையின் கோப்பை அப்படியே நகலெடுத்து, பூஜ்ய அழுத்தத்தோடு அமுக்கக்கூடிய சால்வருக்குக் கொடுத்தால் அடர்த்தியும் பூஜ்யமாகி முதல் படியிலேயே கணக்கு நின்றுவிடும். நின்றுவிட்டால் நல்லதுதான். நிற்காமல் தப்பான விடையைத் தருவதுதான் ஆபத்து.

ட்ரையர் மாதிரி வேகம் குறைந்த வேலைகளுக்கு ஒரு நடுவழி இருக்கிறது. அழுத்தத்தை ஊரின் அழுத்தத்திலேயே நிறுத்திவிட்டு, வெப்பநிலைக்கு மட்டும் அடர்த்தியை மாறவிடுவது. இரண்டு மென்பொருளிலும் இது உண்டு. சில நூறு பாஸ்கல் ஏறி இறங்குவதால் அடர்த்தியில் அரை சதவீதம்கூட மாறாது, 80 டிகிரி ஏறினால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாறும். எது பெரியதோ அதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். கணக்கும் அடிக்கடி சிதறாது.

வெப்பநிலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பெரும்பாலானோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஆற்றல் சமன்பாட்டில் மென்பொருள் சுமந்து செல்வது வெப்பநிலையை இல்லை, என்தால்பியை, அதாவது வாயுவோடு சேர்ந்து போகும் வெப்ப ஆற்றலின் அளவை. ஒவ்வொரு கட்டத்திலும் இவ்வளவு என்தால்பி இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு, அதற்கு எந்த வெப்பநிலை பொருந்தும் என்று திரும்பத் திரும்பத் தேடிப் பார்க்கிறது. இந்த இரண்டையும் இணைப்பது வெப்ப ஏற்புத்திறன். 300 கெல்வினில் ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி உயர்த்த 1.005 கிலோ ஜூல் வேண்டும். 1000 கெல்வினில் அதற்கே 1.14 வேண்டும். ட்ரையருக்குள் இருக்கும் 30 முதல் 120 டிகிரிக்குள் இந்த மாற்றம் ஒரு சதவீதத்தைத் தொடாது, மாறிலியாக விட்டுவிடலாம். ஆனால் அந்தக் காற்றைச் சூடாக்கும் விறகு அடுப்புக்குள் போனால் அப்படி விட முடியாது. அங்கே மாறிலியை வைத்தால் தீயின் சூடு நூற்றுக்கணக்கான டிகிரி கூடுதலாகக் காட்டும். அதற்காகத்தான், வெப்பநிலையைப் போட்டால் வெப்ப ஏற்புத்திறனைத் தரும், நாசா தொகுத்த பல்லுறுப்புக் கோவைகள் பெரும்பாலான மென்பொருள்களில் உட்கார்ந்திருக்கின்றன. 1000 கெல்வினுக்குக் கீழே ஏழு எண்கள், மேலே ஏழு எண்கள். 200 கெல்வினுக்குக் கீழே அவை செல்லாது. ஓட்டத்தின் தொடக்கத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் வெப்பநிலை அந்த எல்லையைத் தாண்டினால் ஓப்பன்ஃபோம் எச்சரிக்கையாகக் கொட்டித் தள்ளும். அந்த எச்சரிக்கையைப் பார்த்தால் அந்தக் கோவைகளைக் குறை சொல்வதற்கு முன் எல்லை நிலைகளை, அதாவது வாய்களிலும் சுவர்களிலும் நீங்கள் கொடுத்த எண்களை, பாருங்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும்.

பாகுநிலையும், அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் உள் உராய்வும், வெப்பநிலையோடு மாறும். தேன் சூடானால் இளகும், வாயு சூடானால் அதன் பாகுநிலை கூடும். 1893-ல் சதர்லாந்து கொடுத்த சூத்திரம் அதற்கு இன்றும் போதுமானது.

மலையில் வேறொரு விஷயம் இருக்கிறது, சமவெளிக்காரர்களுக்கு அது தோன்றாது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டியில் உறைபனி விழும் இடங்களைக் கவனித்திருப்பீர்கள். மேட்டில் இருக்கும் வீட்டுத் தோட்டம் தப்பிவிடும், தலைக்குந்தா மாதிரி பள்ளத்தில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். மேகமில்லாத இரவில் தரை சூட்டை வானத்துக்கு இழக்கிறது, தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிறது, சரிவில் தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. இதை சிமுலேஷன் செய்ய முழு நிலைச் சமன்பாடு தேவையில்லை. 280 கெல்வினில் 10 டிகிரி வித்தியாசம் என்றால் அடர்த்தியில் மூன்றரை சதவீதம்தான். அடர்த்தியை எங்கும் மாறிலியாக வைத்துக்கொண்டு, புவியீர்ப்பு உறுப்பில் மட்டும் அந்த மூன்றரை சதவீதத்தைச் சேர்த்தால் காற்று சரியாக வழியும். பூசினெஸ்க் தோராயம் என்பது இதுதான். எவ்வளவு சின்ன மாற்றம், எவ்வளவு பெரிய விளைவு! ஒரு தோட்டக்காரரின் உருளைக்கிழங்குப் பயிரே அந்த மூன்றரை சதவீதத்தில் தொங்குகிறது.

அதே தோராயத்தை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை ஏறும் காற்றைக் கணக்கிட்டால் கதை கெட்டுவிடும். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர், ஊட்டி 2240 மீட்டர். மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, விரிவதற்குத் தன் சூட்டையே செலவழிக்கிறது. ஈரம் குளிர்ந்து மேகமாகாத வரை கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி. ஆக மொத்தம் 18 டிகிரிக்கு மேல் குறைய வேண்டும். பூசினெஸ்க் கணக்கில் காற்று விரிவதே இல்லை, அதனால் கீழே 35 டிகிரியில் கிளம்பிய காற்று ஊட்டியிலும் 35 டிகிரியாகவே வந்து நிற்கும். வேண்டுமானால் வெப்பநிலைக்குப் பதில், உயரத்தின் விளைவைக் கழித்துவிட்ட ஒரு வெப்பநிலையை வைத்துக் கணக்கிட வேண்டும். வானிலைக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் நல்லியல்பு வாயு. நிஜமான வாயு எப்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும்? காலை முதல் பஸ்ஸில் நாலு பேர் போனால் யாரும் யாருக்கும் தடையில்லை. கோடை சீசனில் அதே பஸ் நிரம்பி வழியும்போது ஒவ்வொருவரின் உடம்பும் இடத்தை அடைக்கிறது, தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நல்லியல்பு வாயுவில் மூலக்கூறுக்கு உடம்பும் கிடையாது, உறவும் கிடையாது. 1873-ல் வான் டெர் வால்ஸ் இந்த இரண்டையும் சேர்த்தார். மூலக்கூறுகள் அடைக்கும் இடத்தைக் கன அளவிலிருந்து கழித்தார், அவற்றின் ஈர்ப்பை அழுத்தத்தோடு கூட்டினார். அதற்கு நான்கு வருடம் முன்பு ஆண்ட்ரூஸ் என்பவர் கார்பன் டை ஆக்சைடை வைத்துச் செய்த சோதனையில், 31 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகத் தனியே பிரியாது என்று காட்டியிருந்தார். அந்த நிலைமாறு வெப்பநிலை எங்கிருந்து வருகிறது என்பதற்கு வான் டெர் வால்ஸின் சமன்பாடே விடை சொன்னது. பின்னால் வந்த ரெட்லிக்-குவாங் 1949, சோவே 1972, பெங்-ராபின்சன் 1976 எல்லாம் அதே மரத்தின் கிளைகள். இன்று இந்த மாதிரி ஓட்டக் கணக்குப் போடும் (சிஎஃப்டி) மென்பொருளில் நிஜ வாயு என்று தேர்ந்தெடுத்தால் கிடைப்பவை பெரும்பாலும் இவைதான்.

எப்போது இவை தேவை என்று பார்க்க ஓர் எளிய சோதனை: உங்கள் அழுத்தத்தை அந்த வாயுவின் நிலைமாறு அழுத்தத்தோடு, அதாவது நிலைமாறு வெப்பநிலையில் அது திரவமாகத் தேவையான அழுத்தத்தோடு, ஒப்பிடுங்கள். காற்றுக்கு அது 38 பார் அளவு (ஒரு பார் என்பது ஒரு லட்சம் பாஸ்கல்). குன்னூரில் நம்மிடம் 0.8 பார்தான், வெப்பநிலையும் காற்றின் நிலைமாறு வெப்பநிலையைவிட எங்கோ மேலே. அங்கே நல்லியல்பு வாயுவிலிருந்து விலகல் ஆயிரத்தில் ஒன்றுகூட வராது. சொல்லப்போனால் மலைக் காற்று கடற்கரைக் காற்றைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நல்லியல்பு கொண்டது. ட்ரையருக்குப் போய் பெங்-ராபின்சன் போட்டால் துல்லியமாக இருக்கும் என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நேரம்தான் வீண். 1.225-ஐ மாற்றாமல் பெங்-ராபின்சனைப் பற்றிப் பேசுவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

ஆனால் அதே ஃபேக்டரி கேன்டீனில் இருக்கும் கேஸ் சிலிண்டருக்குள் நிலைமை வேறு. அதில் புரோப்பேனும் பியூட்டேனும் திரவமாகவும் ஆவியாகவும் சேர்ந்து கிடக்கின்றன. 20 டிகிரியில் தனிப் புரோப்பேனின் ஆவி 8 பாருக்குச் சற்று மேல் அழுத்தத்தில் இருக்கும். நல்லியல்பு வாயுச் சமன்பாடு அதன் அடர்த்தியை கன மீட்டருக்கு 15 கிலோ என்று சொல்லும், உண்மையில் 18. ஆறில் ஒரு பங்கு தவறு. பெங்-ராபின்சன் இங்கே நன்றாக வேலை செய்யும். ஒரு சிக்கல் உண்டு. அது கன அளவில் முப்படிச் சமன்பாடு என்பதால் மூன்று விடைகள் வரலாம். பெரியது ஆவி, சிறியது திரவம், நடுவில் வருவதற்குப் பொருளே இல்லை. எதை எடுப்பது என்று மென்பொருளுக்குத் தெரிய வேண்டும். ஆவியை மட்டுமே எடுக்கும் மாடலைத் திரவம் இருக்கும் இடத்தில் ஓட்டினால் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் தவறான அடர்த்தி வந்து நிற்கும்.

குளிர்காலக் காலையில் டீக்கடை அடுப்பு மங்கலாக எரிவதும், சிலிண்டரின் அடிப்பகுதியில் பனி படிவதும் மலையில் இருப்பவர்களுக்குப் பழக்கமான காட்சி. ஒரு கிலோ எல்பிஜி ஆவியாக ஏறத்தாழ 360 கிலோ ஜூல் வேண்டும். மணிக்கு ஒரு கிலோ எரித்தால் சிலிண்டர் சுற்றுப்புறத்திலிருந்து நொடிக்கு 100 ஜூலை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 5 டிகிரிக் குளிரில் அவ்வளவு எளிதில் கிடைக்காது, உள்ளே இருப்பதே குளிரும், ஆவி அழுத்தம் விழும். பியூட்டேன் கடல் மட்ட அழுத்தத்தில் கொதிப்பதே மைனஸ் அரை டிகிரியில். அதனால் முதலில் புரோப்பேன் போய்விட்டு, பியூட்டேன் கடைசியில் அடியில் தங்கும். இதை வாயு மாடலை மாற்றி மட்டும் பிடிக்க முடியாது. ஆவியாதலையும் சிலிண்டரின் இரும்புச் சுவர் வழியே வரும் சூட்டையும் சேர்த்து வைத்தால்தான் டீக்கடைக்காரர் காலையில் பார்ப்பதைக் கம்ப்யூட்டரும் காட்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899 முதல் பல்சக்கரத்தில் ஏறிக்கொண்டிருக்கும் மலை ரயிலின் நீராவியும் நல்லியல்பு வாயு இல்லை. 10 பார் அழுத்தத்தில் நிறைவுற்ற நீராவியை எடுத்துக்கொண்டால் விலகல் ஏழு சதவீதம். அது பரவாயில்லை. பெரிய விஷயம், விரியும்போது நீராவியில் ஒரு பகுதி நீர்த்துளியாகிறது, நல்லியல்பு வாயுவுக்கு நீர்த்துளி என்ற ஒன்றே தெரியாது. தண்ணீருக்கும் நீராவிக்கும் 1997-ல் உலகம் முழுதும் ஏற்றுக்கொண்ட தொழில்துறைச் சமன்பாடு இருக்கிறது, நீராவி வேலைகளுக்கு அதையே பயன்படுத்துங்கள்.

மிகக் கடினமான இடம், நிலைமாறு வெப்பநிலையும் நிலைமாறு அழுத்தமும் சேரும் நிலைமாறு புள்ளிக்குப் பக்கத்தில்தான். ஏலம், மிளகு போன்ற நறுமணப் பொருள்களிலிருந்து சாறு எடுக்க அழுத்தப்பட்ட கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்துகிறார்கள். 35 டிகிரியில் 80 பாரில் அதன் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 420 கிலோ. 90 பாருக்குப் போனால் சுமார் 660. அழுத்தம் எட்டில் ஒரு பங்கு கூடினால் அடர்த்தி ஒன்றரை மடங்கு! நல்லியல்பு வாயுவோ 80 பாருக்கு 137 என்று சொல்லும், மூன்றில் ஒரு பங்குதான். வெப்ப ஏற்புத்திறனும் இதே இடத்தில் மலை உச்சி மாதிரி எழும்பி இறங்கும். பெங்-ராபின்சன்கூட இங்கே தடுமாறும். அதனால் 1996-ல் ஸ்பானும் வாக்னரும் கார்பன் டை ஆக்சைடுக்கென்றே எழுதிய நீளமான சமன்பாட்டை நம்புகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு அடியிலும் அதைத் தீர்த்தால் கம்ப்யூட்டர் நாள்கணக்கில் ஓடும். எனவே கூல்ப்ராப் போன்ற இலவச நூலகத்தை வைத்து முன்கூட்டியே அட்டவணை போட்டுக்கொண்டு, சால்வரை அதிலிருந்து எண்களை எடுக்கச் சொல்வது வழக்கம். அட்டவணையின் கட்டங்கள் அந்த உச்சிக்குப் பக்கத்தில் நெருக்கமாக இருக்க வேண்டும். சமமான இடைவெளியில் போட்டால் உச்சியே தவறிப்போகும்.

அடர்த்தியை மட்டும் நிஜ வாயுவாக மாற்றிவிட்டு என்தால்பியைப் பழையபடி விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. நல்லியல்பு வாயுவின் என்தால்பி வெப்பநிலையை மட்டும் பொறுத்தது. ஆகவே ஒரு வால்வு வழியே அழுத்தம் விழுந்தால் வெப்பநிலை மாறாது என்றுதான் அது காட்டும். உண்மையில் அறை வெப்பநிலையில் கார்பன் டை ஆக்சைடு வாயு ஒரு பார் விழுந்தால் ஒரு டிகிரிக்கு மேல் குளிரும். காற்று கால் டிகிரி அளவு குளிரும். ஹைட்ரஜனோ சூடாகும். ஜூலும் தாம்சனும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே அளந்து காட்டிய விஷயம் இது. நிலைச் சமன்பாட்டிலிருந்தே என்தால்பிக்கான திருத்தமும் வரவேண்டும், இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தால்தான் வால்வுக்குப் பின்னால் வெப்பநிலை நம்பும்படி இருக்கும்.

ட்ரையருக்குத் திரும்புகிறேன். இயக்க அழுத்தம் 81000, நல்லியல்பு வாயு, வெப்பநிலைக்கு மட்டும் மாறும் அடர்த்தி. இந்த மூன்றை மட்டும் மாற்றி, அதே மெஷ்ஷில் மறுபடி ஓட்டினேன். அரை நாளில் முடிந்தது. 3.7 கிலோ என்று வந்தது. அதற்கு எவ்வளவு இலை போடலாம் என்று கணக்கிட்டு எடுத்துக்கொண்டு போனேன். டீ மேக்கர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, தன் மேஜையில் இருந்த பழைய நோட்டைப் புரட்டிக் காட்டினார். நான் வருவதற்கு முன் பல வருடங்களாக அவர் போட்டுவந்த அளவு அதில் இருந்தது. என் புது எண்ணுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.